பதினொன்று புள்ளி நான்கு

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். அக்காவும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அலுவலகத்தில் என்னை இடம் மாற்றிவிட்டார்கள். ஸ்டோரில் பேனா பென்சில் எண்ணிக்கொண்டிருந்தவனைப் பயிர்ப் புள்ளிவிவரப் பிரிவில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். நீளமான கூடம், பதினாறு மேசை, நான்கு மின்விசிறி. அதில் என் தலைக்கு மேலே இருப்பது மட்டும் சுற்றாது. உங்கள் மேட்டுப் பகுதித் தாள்கள் எல்லாம் இனிமேல் என் மேசைக்குத்தான் வரும்.

வந்த முதல் வாரமே குழப்பம். என்னிடம் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்றில், எந்தப் பகுதியில் ஏக்கருக்கு எவ்வளவு தானியம் என்று போட்டிருக்கிறது. எங்கள் ஆற்றுப் பகுதி நெல் முப்பது மூட்டை, உங்கள் மேட்டுப் பகுதிச் சோளம் எட்டு மூட்டை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்றில், செலவெல்லாம் போக விவசாயி கையில் நின்றது எவ்வளவு என்று இருக்கிறது. அதில் போன வருஷம் எட்டு மூட்டைக்காரர் முப்பது மூட்டைக்காரரை விட மேலே நிற்கிறார்! தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிக்கூடப் பார்த்தேன். சூப்பிரண்டிடம் கேட்டால், "வந்ததை எழுதுப்பா. யோசிக்கிறதுக்கு மேல வேற ஆளு இருக்காங்க" என்கிறார். இது எப்படி அத்தான்?

அப்பாவிடமும் கேட்டேன். "முப்பது மூட்டைடா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "எட்டு மூட்டைக்காரர் எப்படி இருக்காராம்?" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் உங்களுக்கு அந்தப் பெயர் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயல் எப்போதாவது எங்கள் கணக்கெடுப்பில் மாட்டினால் கொஞ்சம் பார்த்து விளைய வையுங்கள். அப்பாவிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மச்சான்

ஜூலை 28

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் உன் அக்காவும் இரண்டு மாடுகளும் நன்றாக இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். சுற்றாத விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மண்டையைக் காய விடாதே.

நீ கேட்டதற்குப் பதில் சுலபம். முப்பது மூட்டை விளைகிற நிலம் உரம் கேட்கும், மருந்து கேட்கும், தண்ணீர் இறைக்க டீசல் கேட்கும், அறுக்க மிஷின் கேட்கும். எங்கள் நிலம் வாயில்லாப் பூச்சி. மழை பெய்தால் கொடுக்கும், பெய்யாவிட்டால் சும்மா கிடக்கும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். நாங்கள் கணக்கே பார்ப்பதில்லை, அதனால் ஏதோ மிஞ்சுகிறது.

மாமா சொன்னால் சொல்லட்டும். பெண் கேட்டு வந்த அன்று அவர் என் நிலப் பத்திரத்தை எழுத்து எழுத்தாகப் படித்தார். படித்து முடித்து, "பேருக்குக்கூட ஒரு ஆறு இல்லையே" என்றார். "எங்க மண்ணும் கொடுக்கும் மாமா" என்றேன். உன் அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டுதான் வருகிறேன் என்று நினைக்கிறேன்.

விதைத்தாயிற்று. மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மாமாவிடம் விதைத்தாயிற்று என்று மட்டும் சொல்.

அத்தான்

ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் இருமல். அங்கே எப்படி?

ஒரு வேடிக்கை நடந்தது. ஊருக்கு ஐந்து வயலைச் சீட்டுக் குலுக்குவது போல எண் போட்டு எடுப்போம். ஒவ்வொரு வயலிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு சதுரம். அதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். ஐந்தின் சராசரிதான் அந்த ஊரின் விளைச்சல். "இவ்ளோ பெரிய ஊருக்கு அஞ்சு சதுரம் போதுமா சார்?" என்று கேட்டேன். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு கேட்டதில்லையா?" என்றார் சூப்பிரண்டு. உங்கள் ஊருக்கு எண் எடுத்ததும் நான்தான். ஐந்தாவதாக வந்த சர்வே எண் 217, உங்கள் வயல். நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று அப்பா உங்கள் பத்திரத்தை உரக்கப் படித்தபோது கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமான எண்!

உறவினர் நிலம் வந்தால் மேலே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். தாளில் பெயரா இருக்கிறது, வெறும் எண்தானே என்று விட்டுவிட்டேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன்.

மேட்டுப் பகுதியில் மழையே இல்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறது. நிஜமா? மழை பெய்ததா, இல்லையா? எவ்வளவு பெய்தது?

மச்சான்

செப்டம்பர் 15

அன்புள்ள மச்சானுக்கு,

அனைவரும் நலம். அத்தையின் இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல்.

உங்கள் ஆய்வாளர் வந்தார். ஊரில் அவருக்கு முளைக்குச்சி என்று பெயர், ஆளும் அந்த வாகுதான். சதுரத்தை அறுக்கிற அன்றுதான் அளக்க வேண்டுமாம். "அறுவடை நேரத்துல இருபது ஊருக்கு ஓடணும். அப்ப குனிஞ்சு அளந்துட்டு இருக்க என் முட்டி ஒத்துக்காது" என்று இப்போதே நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போய்விட்டார். வயலுக்கு நடுவில் ஒரு கயிற்றுச் சதுரம். மாடுகூட அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஒரே கடிதத்தில் மழையைப் பற்றி மூன்று தடவை கேட்டிருக்கிறாய். பயிர் இருக்கிறது.

217 வந்தது என்று மாமாவிடம் சொன்னாயே, அவர் என்ன சொன்னார்? அதை நீ எழுதவே இல்லை.

அத்தான்

அக்டோபர் 2

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன், அவரும் நன்றாக இருக்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

தோள் வலிக்குத் தைலம் அனுப்பு. பெரிய பாட்டிலாக ஆறு வாங்கு, அக்கம்பக்கத்தாருக்கும் வேண்டும். ஊருக்கே ஒரே நேரத்தில் தோள் வலியா என்று கேட்டு எழுதாதே. மழையைப் பற்றியும் இனிமேல் கேட்காதே. உன் கடிதம் வந்தால் அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அப்பா வருஷா வருஷம் அனுப்புகிற இரண்டு மூட்டை நெல் இந்தத் தடவை வரவில்லை. அது வந்தாலே இவர் முகம் சுருங்கும், அதனால் வராததும் நல்லதற்குத்தான். ஆனால் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. நீயாகக் கேட்காதே. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்.

அக்கா

அக்டோபர் 27

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். தைலம் வந்து சேர்ந்ததா? அக்காவின் தோள் இப்போது எப்படி?

உங்கள் ஊர்த் தாள் வந்துவிட்டது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதல் சதுரம் ஒன்று புள்ளி இரண்டு கிலோ. இரண்டாவது ஒரு கிலோவுக்கும் குறைவு, புள்ளி ஒன்பது. மூன்றாவது ஒன்று புள்ளி நான்கு. நான்காவது ஒன்று புள்ளி ஒன்று. ஐந்தாவது, 217, பதினொன்று புள்ளி நான்கு!

புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்து முளைக்குச்சிக்கு எழுதினேன். "தராசு பொய் சொல்லாது, கதிர் என் முழங்கை நீளம்" என்று பதில் போட்டிருக்கிறார். நல்ல வருஷத்திலேயே உங்கள் பக்கம் ஒரு சதுரத்தில் ஐந்து கிலோதான் விளையும். பக்கத்து வயல்களில் ஒன்றும் இல்லாமல் உங்களுக்கு மட்டும் மழை எப்படிப் பெய்தது? உங்கள் வயலுக்கு மேலே தனி மேகமா?

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "பதினொன்னு புள்ளி நாலா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, "கெட்டிக்காரர்" என்றார். எட்டு மூட்டைக்காரர் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாப்பிடாமல் வெகுநேரம் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் மனிதர் சாப்பிடாமல் இருப்பாரா? அதுவும் எனக்குப் புரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஊர்ச் சராசரி இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் வறட்சி நிவாரணம், அதாவது வீட்டுக்கு வீடு விதையும் ரொக்கமும் கிடைக்கும். உங்கள் ஊரின் சராசரி மூன்று புள்ளி இரண்டு. பட்டியலில் உங்கள் ஊர் இல்லை. உங்களுக்கு அது தேவைப்படாது. ஊரில் மற்றவர்களுக்கு?

மச்சான்

நவம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

பதினெட்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? சந்தோஷமான செய்தி எழுதினேன் என்று நினைத்தேனே, நான் எழுதியதில் தப்பு ஏதாவது உண்டா? அந்தச் சதுரத்தைப் பற்றிச் சொல்ல எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நிவாரணப் பட்டியல் டிசம்பர் ஐந்தாம் தேதி மூடப்படுகிறது. அப்புறம் யார் சொன்னாலும் எடுபடாது.

மச்சான்

நவம்பர் 20

மச்சான்,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே மழை பெய்யவில்லை. ஜூலையில் எட்டிப் பார்த்த மேகம் அப்படியே போய்விட்டது. முளைக்குச்சி கயிறு கட்டிய வாரம் வயல் முழுக்க இலை சுருண்டுகொண்டிருந்தது. அந்தக் கயிற்றைப் பார்த்தேன். மச்சான் மேசைக்குப் போகப்போவது இந்த இடம் மட்டும்தானே, அங்கிருந்துதானே மாமா காதுக்குப் போகும் என்று தோன்றியது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

மூன்றாம் நாள் ஒற்றைமாட்டுக்காரர் பார்த்துவிட்டார். பக்கத்து வயல்காரர், நான்காவது சதுரம் அவருடையதுதான். "என்னங்க, கயித்துக்குள்ள மட்டும் குளிப்பாட்டறீங்க?" என்றார். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். "மாமனார் வீட்டுக்கா போகுது? அப்ப இது உங்க மானம் மட்டுமா, ஊர் மானமாச்சே" என்று அவரும் ஒரு குடம் கொண்டுவந்தார். மறுநாள் நாலு வீடு வந்தது. அதற்கடுத்த வாரம் உன் அக்கா முறை வைத்துவிட்டாள், ஒரு நாளைக்கு எட்டு வீடு, வீட்டுக்கு ஒரு குடம். ஊருக்கு ஒரே ஒரு அடிபம்பு. குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றினார்கள். தைலம் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

என் மிச்ச வயலில் மாட்டுக்குத் தட்டை கிடைத்தது. மனிதனுக்கு ஒரு மூட்டை.

சராசரி போடுவீர்கள் என்று தெரியும். அதை வைத்து நிவாரணத்தை நிறுத்துவீர்கள் என்று யார் கண்டது? ஒரு சோறு பதம் பார்ப்பீர்கள் என்று சொன்னாய், நாங்கள் அந்த ஒரு சோற்றை மட்டும் வேக வைத்துவிட்டோம். தண்ணீர் ஊற்றிய நாற்பது வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான் வினையாகிவிட்டது. இன்னும் யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர்கள் எல்லாம், "மாமனார் என்ன சொன்னாராம்?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். புள்ளி இடம் மாறிவிட்டது என்று நீயே முதலில் நினைத்தாய் அல்லவா? அப்படியே மாற்றி வைத்துவிடேன். ஒன்று புள்ளி ஒன்று நான்கு. யாருக்கும் தெரியப்போவதில்லை.

அத்தான்

நவம்பர் 23

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு புள்ளிதான். பேனாவைத் திறந்தேன், மூடினேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன தம்பி, பேனாவுல மை இல்லையா?" என்று கேட்டார். தாளில் இருப்பதும் பொய், நான் எழுதப்போவதும் பொய். ஆனால் இரண்டாவது பொய்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எது சரி என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. என்னால் முடியவில்லை அத்தான், மன்னித்துவிடுங்கள்.

தப்பில் பாதி என்னுடையது. பார்த்து விளைய வையுங்கள் என்று விளையாட்டாக எழுதியதும் நான், 217 வந்ததை உங்களுக்குச் சொன்னதும் நான், உறவை மேலே சொல்லாமல் விட்டதும் நான். இன்று காலை சூப்பிரண்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு கிளாஸ் டீ குடித்து முடித்தார். பிறகு, "நிலத்துக்காரர் கைப்பட எழுதித் தரணும். ஊர்க்காரங்க ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அஞ்சாம் தேதிக்குள்ள வந்தா அந்தச் சதுரத்தை நீக்கிடலாம்" என்றார்.

சாட்சி வேண்டுமென்றால் ஊரில் சொல்லித்தான் ஆக வேண்டும். வேறு வழி இருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா?

மச்சான்

டிசம்பர் 1

அன்புள்ள மச்சானுக்கு,

இதோடு வாக்குமூலம் இருக்கிறது. பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடு.

அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எங்கேயும் ஓட முடியாதே. "அப்ப நாம ஊத்துனதுனாலதான் நமக்கு இல்லையா?" என்று ஒரு அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். "ஊத்தாம இருந்திருந்தா கெடைச்சிருக்குமா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஒற்றைமாட்டுக்காரருக்குத்தான் கோபம் வந்தது. "உங்க மாமனார் முன்னால நீங்க மீசை முறுக்க என் பிள்ளைங்க குடிக்கிற தண்ணியைக் கொடுத்தேனே" என்று சத்தம் போட்டார். நியாயம்தான், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன் அக்கா முன்னால் வந்து, "முறை வச்சது நான். திட்டறதா இருந்தா என்னையும் சேர்த்துத் திட்டுங்க" என்றாள். அவர் இருவரையும் திட்டினார். திட்டிவிட்டு, "காகிதம் எங்க?" என்றார். முதல் கையெழுத்து அவருடையது.

இரண்டு சாட்சி போதும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நாற்பது வீட்டுக் கையெழுத்தும் அதில் இருக்கிறது. எத்தனை குடம் என்பதையும் அவரவர் பக்கத்தில் எழுதச் சொல்லி அந்த அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். உங்கள் அலுவலகத்துக்கு அது தேவையா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

மாமாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். பதினொன்று புள்ளி நான்கு பொய், விளைந்தது ஒரு மூட்டை, அடுத்த விளைச்சல் வரும்வரை உங்கள் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறேன். அவளிடம் படித்துக் காட்டினேன். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அத்தான்

டிசம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தானே? சதுரத்தை நீக்கிவிட்டார்கள். சராசரி ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. உங்கள் ஊர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிப்ரவரியில் விதையும் ரொக்கமும் வரும். குடக் கணக்கைப் பார்த்த சூப்பிரண்டு எத்தனை குடம் என்று தானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். எதற்கென்று சொல்லவில்லை.

என்னைத் திரும்ப ஸ்டோருக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே விசிறி சுற்றுகிறது, அதனால் வருத்தமில்லை. செலவு போக மிஞ்சியது எவ்வளவு என்ற அந்த இரண்டாவது அட்டவணை, நீங்கள் சொல்லியும் எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அப்பாவிடம் இன்னொரு தடவை கேட்கப் போனேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார்.

மச்சான்

டிசம்பர் 18

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. உங்களுக்கும் என் மகளுக்கும் என் ஆசிகள். உங்கள் அத்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து எட்டு நாளாகிறது.

முப்பது மூட்டை பொய்யில்லை. களத்தில் நானே எண்ணினேன். உரக்கடைக்காரர், டீசல்காரர், மிஷின்காரர் மூன்று பேரும் களத்துக்கே வந்து கூட நின்று எண்ணினார்கள். அவர்கள் வண்டி போன பிறகு நான் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. போன வருஷமும் ஏறக்குறைய இப்படித்தான், மிஞ்சிய இரண்டு மூட்டையை அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை அதுவும் இல்லை, அதனால்தான் என் மகளுக்கு அனுப்பவில்லை. இது பையனுக்குத் தெரியாது. அவன் மேசைக்கு உங்கள் பகுதித் தாள்தானே வந்தது.

உங்களை எட்டு மூட்டைக்காரர் என்று பதினோரு வருஷம் சொன்னேன். எட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நீங்கள் திருப்பிக் கேட்பீர்களே என்ற பயம்தான்.

பதினொன்று புள்ளி நான்கு என்று பையன் வந்து சொன்ன அன்று இரவே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இவ்வளவு விளைகிறதென்றால், நானும் உங்கள் அத்தையும் கொஞ்ச காலம் உங்களோடு வந்து இருக்கலாமா என்று கேட்டு எழுதியது. மருமகன் வீட்டுக்குப் போய் உட்காருவதா என்று கூசிக் கூசி, ஒன்றரை மாதம் உறையிலேயே வைத்திருந்தேன். ஒரு வழியாக மனதைத் தேற்றிக்கொண்டு ஸ்டாம்பு ஒட்டிய அன்று காலைதான் உங்கள் கடிதம் வந்தது.

இரண்டையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளை அனுப்புங்கள் என்று எழுதினால், வருகிற மகளுக்குச் சோறு போட என்னிடம் என்ன இருக்கிறது? அனுப்பாதீர்கள் என்று எழுத ஒரு தகப்பனுக்குக் கை வருமா? உங்கள் அத்தையோ நாலு நாளாகப் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். யார், யார் வீட்டுக்குப் போவது மாப்பிள்ளை? எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

மாமா